ஸ்விட்சர்லாந்துக்கு 7, நமக்கு 35: அந்த கார்டை ஷேர் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க



ரெண்டு மூணு நாளா நம்ம வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரு கார்டு சுத்திக்கிட்டு இருக்கு. உங்களுக்கும் வந்திருக்கும். "அமைச்சர்கள் எண்ணிக்கை: ஸ்விட்சர்லாந்து 7, அமெரிக்கா 15, பிரிட்டன் 22, இந்தியா 72, தமிழ்நாடு 35. உங்க வரிப்பணம் எங்க போகுதுன்னு இப்பப் புரியுதா?" கீழே நம்ம கொடி, நம்ம சின்னம்.

டிசைன் நல்லா இருக்கு. நம்ம பசங்க ராத்திரி உட்கார்ந்து போட்டது. நானும் முதல்ல ஷேர் பண்ணிட்டேன். அப்புறம் எதிர்முகாம்ல இருந்து ஒருத்தர் கமெண்ட்ல வந்து மூணே மூணு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் வரல. டெலீட் பண்ணிட்டு உட்கார்ந்து படிச்சேன். படிச்சதைத்தான் இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ குடிச்சுக்கிட்டே படிங்க. ஏன்னா இந்த விஷயத்துல நம்ம பக்கம் நியாயம் இருக்கு. ஆனா அந்த நியாயம் அந்த கார்டுல இல்ல.

முதல்ல கார்டுல என்ன தப்புன்னு பார்ப்போம்.

இந்தியாவுக்கு 72னு போட்டிருக்கோம். 2024 ஜூன்ல பதவியேற்றப்போ பிரதமரையும் சேர்த்து 72 பேர், சரிதான். ஆனா அதுல கேபினட் அமைச்சர்கள் 30 பேர். தனிப்பொறுப்பு இணை அமைச்சர்கள் 5, இணை அமைச்சர்கள் 36. பிரிட்டனுக்கு நாம போட்ட 22, கேபினட் மட்டும். அங்க இணை அமைச்சர், துணை அமைச்சர் மாதிரி அடுத்தடுத்த படியில இருக்கறவங்களையும் சேர்த்தா கணக்கே வேற. பிரிட்டன்ல ஒரே நேரத்துல 109 அமைச்சர்கள் வரைக்கும் சம்பளம் வாங்கலாம்னு 1975ல சட்டம் போட்டாங்க. அதுக்கு மேல சம்பளம் இல்லாம அமைச்சர்களா இருக்கறவங்களும் உண்டு. அவங்க ஜனத்தொகை கிட்டத்தட்ட நம்ம தமிழ்நாடு அளவுதான். அப்போ 22க்கும் 72க்கும் ஒப்பீடுங்கறது, பக்கத்து வீட்டுல ஹாலை மட்டும் அளந்துட்டு நம்ம வீட்டுல கொல்லைப்புறம் வரைக்கும் டேப் பிடிச்ச கதை.

அமெரிக்காவுக்கு 15. அங்க 15 துறைகள், 15 செயலாளர்கள். ஆனா அதிபர் மாறினா கூடவே மாறுற அரசியல் நியமனங்கள் சுமார் 4,000. அதுல ஆயிரத்துக்கும் மேல செனட் ஒப்புதல் வாங்க வேண்டிய பதவிகள். நம்ம ஊர்ல இணை அமைச்சர் பார்க்குற வேலையையும், ஐஏஎஸ் செயலாளர் பார்க்குற வேலையில ஒரு பகுதியையும் அங்க அந்த நியமனக்காரங்கதான் பார்க்குறாங்க.

ஸ்விட்சர்லாந்துக்கு 7. இது உண்மையிலேயே 7தான். 1848ல இருந்து 7 பேர், 7 துறை. ஒருத்தர்கூட ஏறல. ஆனா அந்த நாட்டுல 26 மாகாணங்கள் இருக்கு, கேண்டன்னு சொல்வாங்க. ஒவ்வொண்ணுக்கும் 5 பேரோ 7 பேரோ கொண்ட தனி அமைச்சரவை. மொத்தம் கூட்டினா 130க்கு மேல போகும். ஜனத்தொகை சுமார் 90 லட்சம். நாட்டுக்கான 7 பேரை மட்டும் எடுத்துக்கிட்டாலே சுமார் 13 லட்சம் பேருக்கு ஒரு அமைச்சர். இந்தியாவுல 140 கோடிக்கு 72, அதாவது கிட்டத்தட்ட 2 கோடி பேருக்கு ஒருத்தர். தலைக்கணக்குன்னு பார்த்தா ஸ்விட்சர்லாந்துதான் "அதிகம்"!

எதிர்முகாம் நண்பர் கேட்ட மூணு கேள்வியும் இதுதான்.

அப்போ 72ம் சரி, 35ம் சரின்னு சொல்லிட்டுப் போயிடலாமா? கூடாது. அளக்கறதுக்கு நாம எடுத்த அளவுகோல்தான் தப்பு. சரியான அளவுகோல் மூணு இருக்கு. ஒண்ணொண்ணா சொல்றேன்.

முதல்ல சம்பளக் கணக்கைப் பார்த்துடுவோம்

"இத்தனை பேருக்கும் சம்பளம் நம்ம காசு"ன்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்க. மத்திய அமைச்சருக்கு மாசச் சம்பளம் எம்பிக்கு என்னவோ அதேதான், 1,24,000 ரூபாய். 72 பேருக்கு வருஷத்துக்கு 10 கோடியே 71 லட்சம். 2024-25 மத்திய பட்ஜெட் 48 லட்சத்து 21 ஆயிரம் கோடி. அப்படின்னா பட்ஜெட்ல ஒவ்வொரு ஒரு லட்சம் ரூபாய்லயும் அமைச்சர்கள் சம்பளம் 22 பைசா. அதுவும் அவங்க அமைச்சரா இல்லாம வெறும் எம்பியா இருந்தாலும் வாங்கப் போற சம்பளம்தான். அமைச்சர் ஆனதுக்காகத் தனியா வர்ற விருந்தோம்பல் படி கேபினட் அமைச்சருக்கு மாசம் 2,000 ரூபாய், இணை அமைச்சருக்கு 1,000. நம்பறீங்களா?

ஆனா அதே 2024-25 பட்ஜெட்ல அமைச்சரவைங்கற தலைப்புல ஒதுக்கினது 832 கோடி. சம்பளம், படிகள், பயணம், முக்கியப் பிரமுகர்களுக்கான விமானச் செலவுன்னு எல்லாம் அதுக்குள்ள வருது. சம்பளத்தைப் போல கிட்டத்தட்ட 78 மடங்கு. இப்பவும் ஒரு லட்சம் ரூபாய்க்கு 17 ரூபாய்தான். நாடு திவாலாகிற தொகை இல்ல. ஆனா ஒரு விஷயம் புரியுது. சம்பளத்தைக் காட்டிக் கோபப்படுறவங்க 22 பைசாவைப் பார்க்குறாங்க, மிச்சம் 16 ரூபாய் சொச்சத்தைப் பார்க்கறதில்ல. அதுக்கும் மேல ஒவ்வொரு அமைச்சருக்கும் பங்களா, நேர்முக உதவியாளர்கள், கார், பாதுகாப்புக்கு போலீஸ், அலுவலகம், அதைப் புதுப்பிக்கற செலவு. இதெல்லாம் பொதுப்பணித்துறை, போலீஸ், பொதுத்துறைன்னு வேற வேற தலைப்புல சிதறிக் கிடக்கும். "ஒரு அமைச்சர் அலுவலகம் நடத்த வருஷத்துக்கு எவ்வளவு ஆகுது?"ன்னு ஒரு சாதாரண குடிமகன் கேட்டா, ஒரே பக்கத்துல பதில் கிடைக்காது.

சிங்கப்பூர்ல வேற வழி பிடிச்சாங்க. புதுசா வர்ற அமைச்சருக்கே வருஷத்துக்கு 11 லட்சம் சிங்கப்பூர் டாலர், பிரதமருக்கு 22 லட்சம். ஆளைக் குறைவா வை, சம்பளத்தைக் கொட்டிக் குடு, கை நீளாதுங்கற கணக்கு. அங்கயும் ஒரு முன்னாள் அமைச்சர் 2024ல ஜெயிலுக்குப் போனார். ஆனா அவரை அவங்க அரசாங்கமே விசாரிச்சு, வழக்குப் போட்டு அனுப்புச்சு. அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

அளவுகோல் ஒண்ணு: மேஜையில எத்தனை பேர்?

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும். ஒரு நெட்வொர்க்ல 7 பேர் இருந்தா, ரெண்டு ரெண்டு பேரா எத்தனை இணைப்பு? 21. எட்டுப் பேருக்கு 28. 35 பேருக்கு 595. 72 பேருக்கு 2,556. ஆள் ஏறுறது ஒரு வேகம், அவங்களுக்குள்ள பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் ஏறுறது அதைவிடப் பல மடங்கு வேகம். தலைக்கணக்கு ஒப்பீடு ஏன் முட்டாள்தனம்னு இதுலயே தெரியும். ஜனத்தொகை பத்து மடங்குன்னு மேஜையில பத்து மடங்கு பேரை உட்கார வெச்சா அது கூட்டம் இல்ல, மாநாடு.

1950கள்ல சிங்கப்பூர்ல வரலாற்றுப் பேராசிரியரா இருந்த பார்க்கின்சன்ங்கறவர் இதைக் கிண்டலா எழுதினார். ஒரு கமிட்டி 20 பேரைத் தாண்டி வளர்ந்தா, அது தானாவே செத்துடும். உண்மையான முடிவெல்லாம் உள்ளுக்குள்ள உருவாகிற ஒரு சின்னக் குழு எடுக்கும்னார். அரை நூற்றாண்டு கழிச்சு, 2008ல வியன்னாவைச் சேர்ந்த கிளிமெக், ஹானல், தர்னர்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 197 நாட்டு அமைச்சரவைகளை எடுத்து அளந்தாங்க. சின்னது 5 பேர். பெருசு 54 பேர், நம்ம பக்கத்து நாடு இலங்கை. அமைச்சரவை பெருசாகப் பெருசாக, மனிதவள மேம்பாட்டுக் குறியீடு மாதிரியான அளவுகள்ல அந்த நாடு கீழே இருக்கற போக்கு தெரிஞ்சுது. பெருசா இருக்கறதாலதான் கீழே இருக்குன்னு இது நிரூபிக்கல. சண்டை சச்சரவு, உடைஞ்ச கூட்டணி இருக்கற நாட்டுல எல்லாரையும் சமாதானப்படுத்தப் பதவி ஏறுதுன்னும் சொல்லலாம். ஆனா ரெண்டும் ஒண்ணா நடக்குதுங்கறது கண்ணுக்குத் தெரியற உண்மை.

அந்த ஆராய்ச்சியில இன்னொரு சுவாரசியம். 197 நாட்டுலயும் சரியா 8 பேர் கொண்ட அமைச்சரவை ஒண்ணுகூட இல்ல! எட்டுன்னா நாலுக்கு நாலுன்னு இழுபறி ஆகும்னு ராசியில்லாத எண்ணா ஆக்கிட்டாங்க.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. 1954 ஏப்ரல்ல காமராஜர் முதலமைச்சர் ஆனப்போ அவரையும் சேர்த்து அமைச்சரவையில எத்தனை பேர் தெரியுமா? 8 பேர். அன்னிக்கு மலபாரும் தென் கன்னடமும்கூட சென்னை மாநிலத்துக்குள்ளதான் இருந்துச்சு. தலைவர் தேர்தல்ல தன்னை எதிர்த்து நின்ன சி.சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிஞ்ச பக்தவத்சலத்தையும் அதே எட்டுக்குள்ள உட்கார வெச்சார். நிதி, கல்வி, சட்டம் மூணும் சி.எஸ். ஒருத்தர் கையில. பள்ளிக்கூடம் திறக்கறதுக்கும் மதிய உணவு போடறதுக்கும் ஃபைல் மூணு அமைச்சர் வீட்டு வாசல்ல நிக்க வேண்டியிருக்கல. 1967ல அண்ணா ஆட்சி அமைச்சப்போ 9 பேர்.

உடனே "பார்த்தீங்களா, 8 போதும்"னு அடுத்த கார்டு போட்டுடாதீங்க. அன்னிக்கு அரசாங்கம் சின்னது. தகவல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், மாற்றுத்திறனாளிகள் நலம்னு தனித்தனித் துறையெல்லாம் கிடையாது. இன்னிக்கு 7 கோடிக்கு மேல மக்கள். எட்டுப் பேரை வெச்சு இன்னிக்கு ஓட்ட முடியாது. ஆனா எட்டுக்கும் 35க்கும் நடுவுல நிறைய எண் இருக்கு.

அளவுகோல் ரெண்டு: கேள்வி கேட்க எத்தனை பேர் மிச்சம்?

என்னைக் கேட்டா மூணுல இதுதான் முக்கியம். யாரும் பேசாததும் இதுதான்.

1997ல உத்தரப்பிரதேசத்துல கல்யாண் சிங் ஆட்சியைக் காப்பாத்த 93 பேரை அமைச்சர் ஆக்கினார். கட்சி மாறி வந்தவங்களுக்கெல்லாம் பதவி. அந்த மாதிரி கூத்தைத் தடுக்கத்தான் 2003ல அரசியல் சாசனத்துல 91வது திருத்தம் வந்துச்சு. பிரதமரோ முதல்வரோ உட்பட அமைச்சர்கள் மக்களவை அல்லது சட்டமன்ற எண்ணிக்கையில 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சின்ன மாநிலம்னா குறைஞ்சது 12 பேர். மத்தியில உச்சவரம்பு 81. தமிழ்நாட்டுல 234ல 15 சதவீதம், அதாவது 35.

ஆனா அதுக்கு முந்தின வருஷம், 2002ல, நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசியல் சாசன மறுஆய்வு ஆணையம் சொன்னது 10 சதவீதம். அதுதான் 15 ஆச்சு. அந்த 5 சதவீதம் தமிழ்நாட்டுல மட்டும் 12 நாற்காலி.

இப்போ இந்தக் கணக்கைப் பாருங்க. ஆட்சி அமைக்க 118 எம்எல்ஏ வேணும். அதுல 35 பேர் அமைச்சர்னா, கிட்டத்தட்ட மூணு பேருக்கு ஒருத்தர் அரசாங்கத்துக்குள்ள. சபாநாயகர், துணை சபாநாயகர், கொறடா தனி. மிச்சம் இருக்கறவங்கள்ல பாதிப் பேர் "அடுத்த விரிவாக்கத்துல நமக்கு வரும்"னு காத்திருக்கறவங்க. உங்க தொகுதி எம்எல்ஏ ஆளுங்கட்சியா இருந்தா, சட்டமன்றத்துல எழுந்து சொந்த அரசாங்கத்தைக் கேள்வி கேட்பாரா? கேட்கறதுக்கு அவருக்கு என்ன லாபம்?

பிரிட்டன்லயும் இந்த நோய் உண்டு. அதனாலதான் கீழவையில 95 அமைச்சர்களுக்கு மேல உட்காரக் கூடாதுன்னு சட்டம் வெச்சிருக்காங்க. அமெரிக்காவுல அமைச்சரா இருக்கறவர் நாடாளுமன்ற உறுப்பினராவே இருக்கக் கூடாது. ஸ்விட்சர்லாந்துல எம்பி ஒருத்தர் அந்த 7 பேர்ல ஒருத்தரா ஆனா, எம்பி பதவியை விட்டுடணும். அவங்க முறை வேற, நம்ம முறை வேற. நம்ம முறையில அமைச்சர் சபைக்குள்ளதான் இருந்தாகணும். அதனாலதான் எண்ணிக்கை நமக்கு அவங்களைவிட முக்கியம். சிக்கிம்ல பாருங்க: 32 பேர் சட்டமன்றம், 12 பேர் வரைக்கும் அமைச்சர் ஆகலாம். அரசாங்கம் யாரு, அதைக் கேள்வி கேட்கற சபை யாரு?

அளவுகோல் மூணு: கொல்லைக் கதவு எத்தனை?

வரம்பு போட்ட மறுநாளே ஓட்டை தேடுறது உலகம் பூரா நடக்குது.

அயர்லாந்து அரசியல் சாசனம் அமைச்சரவையில 7 பேருக்குக் குறையாம, 15 பேருக்கு மிகாம இருக்கணும்னு சொல்லுது. அதனால அங்க "சூப்பர் ஜூனியர்"னு ஒரு இனம் உருவாச்சு. கேபினட்ல உட்காருவாங்க, ஓட்டு மட்டும் இல்ல.

இலங்கையில 2015ல 19வது திருத்தம் கொண்டு வந்து கேபினட் 30, மத்த அமைச்சர்கள் 40னு வரம்பு போட்டாங்க. அதே திருத்தத்துக்குள்ள "தேசிய அரசாங்கம் அமைஞ்சா எண்ணிக்கையை நாடாளுமன்றமே தீர்மானிச்சுக்கலாம்"னு ஒரு வரியும் வெச்சாங்க. கதவைப் பூட்டிட்டுச் சாவியைப் பூட்டுலயே தொங்க விட்ட மாதிரி. அதே இலங்கையில 2024 நவம்பர்ல ஜனாதிபதி தவிர 21 அமைச்சர்களோட ஒரு அமைச்சரவை பதவியேற்றுச்சு. அந்த ஆட்சியைப் பத்தி, குறிப்பா தமிழர் பிரச்சினையில அவங்க நிலைப்பாட்டைப் பத்தி நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனா 54ல இருந்த ஒரு நாடு 21க்கு வர முடியும்னு அது காட்டியிருக்கு.

நம்ம நாட்டுல கொல்லைக் கதவுக்குப் பேரு "நாடாளுமன்றச் செயலாளர்". டெல்லியில வரம்பு 10 சதவீதம்தான், அதாவது 7 அமைச்சர். 2015ல அங்க 21 எம்எல்ஏக்களை அந்தப் பதவியில போட்டாங்க. 2016ல உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. அசாம் போட்ட சட்டத்தையே 2017ல உச்ச நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஹிமாச்சல்ல 2024ல 6 பேர் நியமனம் ரத்து. காங்கிரஸ், பாஜக, ஆம் ஆத்மின்னு கட்சி வித்தியாசமே இல்ல. கோர்ட் அந்தக் கதவை அடைச்சா, அடுத்த கதவு "கேபினட் அந்தஸ்து". வாரியத் தலைவர், ஆலோசகர், சிறப்புப் பிரதிநிதி. பேரு அமைச்சர் இல்ல; கார், பங்களா, உதவியாளர் எல்லாம் உண்டு. எண்ணிக்கைக் கணக்குல மட்டும் வர மாட்டாங்க.

சரி, இதனால எனக்கென்னன்னு கேட்கறீங்களா?

உங்க ஊர் ஏரியை எடுத்துக்குங்க. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா அது நீர்வளத்துறை. அதுக்குக் கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம், அதாவது ஊரக வளர்ச்சித்துறை. கரையில ஆக்கிரமிப்புன்னா வருவாய்த்துறை. வண்டல் மண் எடுக்கணும்னா கனிமவளம். உள்ள நிக்கற மரத்தை வனத்துறை நட்டிருந்தா வனத்துறை. டவுன் சாக்கடை வந்து கலக்குதுன்னா நகராட்சி. ஏரி ஒண்ணு, தண்ணி ஒண்ணு. அமைச்சர் அஞ்சாறு பேர். மனு எழுதி எடுத்துட்டுப் போனா "இது எங்க துறை இல்லீங்க"ன்னு ஒவ்வொருத்தரும் சொல்றது பொய்யே இல்ல. உண்மையிலேயே அவங்க துறை இல்ல. நான் மேல சொன்ன 595 இணைப்புல நாலஞ்சு அறுந்து கிடக்கு, அவ்வளவுதான். அமைச்சரவைச் செலவுங்கறது கார், பெட்ரோலோட முடியறதில்ல. மழைக்கு முன்னாடி தூர்வாரப்படாத ஏரியும் அந்தச் செலவுதான். அதை எந்த பட்ஜெட்லயும் எழுத மாட்டாங்க.

எதிர்வாதம் ஒண்ணு இருக்கு, அதையும் நேர்மையாப் பார்த்துடுவோம். "அமைச்சர்களைக் குறைச்சா முதல்ல அடிபடுறது யாரு? பெண்களும், தலித் மக்களும், சின்னச் சமூகங்களும், ஒதுங்கின மாவட்டங்களும்தானே?" இந்தக் கேள்வி நியாயமானது. காமராஜரோட அந்த எட்டுப் பேர்ல பரமேஸ்வரன் இருந்தார். தலித் சமூகத்தைச் சேர்ந்த அவர்கிட்ட அறநிலையத்துறையையே குடுத்தார் காமராஜர். கோயிலுக்குள்ள விடாத சமூகத்துல இருந்து வந்தவருக்குக் கோயில்ல மரியாதை கிடைச்சுது. ஆனா அதே எட்டுல ஒரு பெண்கூட இல்ல. 1957ல லூர்தம்மாள் சைமன் வர வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. அண்ணாவோட ஒன்பது பேர்ல சத்தியவாணி முத்து இருந்தார். ஆக, சின்ன அமைச்சரவையில இடம் குடுக்க முடியும், குடுக்காமலும் விட முடியும். எண்ணிக்கை அதைத் தீர்மானிக்கல, தலைமைதான் தீர்மானிச்சுது. பெல்ஜியத்துல அமைச்சர்கள் 15க்கு மேல போகக் கூடாதுன்னு சொல்ற அதே சாசனம், பிரதமரைத் தவிர்த்து பிரெஞ்சு பேசறவங்களும் டச்சு பேசறவங்களும் சரிசமமா இருக்கணும்னும் சொல்லுது. வரம்பையும் பிரதிநிதித்துவத்தையும் ஒரே கையெழுத்துல போடலாம்.

அப்போ நாம என்ன கேட்கணும்?

நாம இன்னும் ஆட்சிக்கு வந்ததில்ல. அதனால இதைச் சொல்றது நமக்கு ரொம்ப ஈஸி. ஈஸியா இருக்கறப்பவே எழுத்துல வெச்சிடணும்னுதான் எங்க அணித் தோழர்கள் சேர்ந்து தலைமைக்கு நாலு கோரிக்கையை அனுப்பியிருக்கோம். தேர்தல் அறிக்கையில இது வரணும்.

1. நம்ம ஆட்சியில முதல்வரையும் சேர்த்து 23 பேர்தான். 234ல 10 சதவீதம், வெங்கடாசலய்யா ஆணையம் சொன்ன அதே கணக்கு. அந்த 23ல மூணுல ஒரு பங்குக்குக் குறையாம பெண்கள். பட்டியல் சமூகத்துக்கான இடத்தையும் முன்கூட்டியே எழுதி வெக்கணும்.

2. கேபினட் அந்தஸ்துல யாரை எந்த வாரியத்துல போட்டாலும், அவரும் அந்த 23க்குள்ளதான். கொல்லைக் கதவு வேண்டாம்.

3. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு அமைச்சர் அலுவலகத்துலயும் எத்தனை பேர் வேலை பார்க்குறாங்க, எத்தனை கார், பயணத்துக்கு எவ்வளவு, யார் யாரைச் சந்திச்சாங்கன்னு ஒரே பக்கத்துல வெளியிடணும். பிரிட்டன்ல அமைச்சர்களோட பயணம், பரிசு, விருந்து, சந்திப்பு விவரங்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில வெளியிடுறாங்க. அவங்களால முடிஞ்சா கம்ப்யூட்டர் இன்ஜினியர்களை உலகத்துக்கே அனுப்பற நம்மால முடியாதா?

4. பெரிய ஏரி, சின்ன ஏரி, வாய்க்கால், கரை எல்லாம் ஒரே அமைச்சர் பொறுப்புல. துறைகளை மக்களோட பிரச்சினையை வெச்சுப் பிரிக்கணும், பதவி குடுக்க வேண்டிய ஆட்களை வெச்சுப் பிரிக்கக் கூடாது.

இதுல முதல் கோரிக்கைதான் நமக்கே கஷ்டமா இருக்கப் போகுது. கூட்டணிப் பேச்சுவார்த்தை நடக்கும். "ரெண்டு அமைச்சர் குடுத்தா வர்றோம்"னு கேட்பாங்க. நம்ம கட்சியிலயே இருபது வருஷமாக் கொடி பிடிச்ச அண்ணன்கள் இருக்காங்க, "எனக்கு இல்லையா?"ன்னு அவங்க கேட்டா அதுவும் நியாயம்தான். அந்த ராத்திரி 23ஐ 35 ஆக்க ஆயிரம் காரணம் கிடைக்கும். சட்டமும் தடுக்காது. தடுக்க வேண்டியது நாமதான்.

அதனால தோழர்களே, அந்தப் பழைய கார்டை நிறுத்திடுங்க. தப்பான ஒப்பீட்டுல பத்து லைக் வாங்கறதைவிட, சரியான கேள்வியோட ஒரு எதிர்க்கட்சிக்காரரை யோசிக்க வெச்சா அது நமக்கு வெற்றி. இனிமே யாராவது "ஸ்விட்சர்லாந்துல 7தான் தெரியுமா?"ன்னு கேட்டா, "தெரியும், நம்ம மாநிலத்துல 118 எம்எல்ஏவோட ஆட்சி அமைச்சா கிட்டத்தட்ட மூணு பேர்ல ஒருத்தர் அமைச்சர் ஆகலாம், அது உங்களுக்குத் தெரியுமா?"ன்னு திருப்பிக் கேளுங்க.

கடைசியா ஒண்ணு. இந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. நாளைக்கு நாம ஜெயிச்சு, பதவியேற்பு மேடையில 23 நாற்காலிக்கு மேல கிடந்தா, இதே ஸ்கிரீன்ஷாட்டை இதே பக்கத்துல கமெண்ட்ல முதல்ல போடுறது எதிர்க்கட்சியா இருக்கக் கூடாது. நீங்களா இருக்கணும்.

நாங்க டெலீட் பண்ண மாட்டோம்.

– தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்

#23போதும் #அமைச்சர்கணக்கு #ஒருஏரிஒருஅமைச்சர்